பதினான்கு என்று எழுதிய ஃப்ளாஸ்க்

ஒரு மனுஷியின் பெயரை ஒரே வாரத்தில் பிடுங்கிவிட முடியுமா என்று கேட்டால், முடியும். செல்லக்காவுக்கு அதுதான் நடந்தது.

பதினாறு வருஷமாக அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் செல்லக்கா என்றுதான் பெயர். புற்றுநோய் செல்களை வளர்க்கிற அறை அவள் பொறுப்பில் இருந்தது. யாரோ ஒருவர் 'செல் அக்கா' என்று கூப்பிடப் போக, அது வாய்க்கு வசதியாகத் தேய்ந்து செல்லக்கா ஆயிற்று. டாக்டர் பட்டம் வாங்க வந்தவர்கள், வாங்கிக்கொண்டு போனவர்கள், வாங்காமலே ஓடிப்போனவர்கள் எல்லோரும் அந்த அறையின் கண்ணாடிக் கதவைத் தட்டி, "செல்லக்கா, ஒரு ஃப்ளாஸ்க் கிடைக்குமா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். அவர்கள் அப்படி நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனுக்கு ஒரே தங்கை. எங்கெங்கோ போய்ப் படித்து, டாக்டர் பட்டத்தோடு திரும்பியவள். வேலை கிடைத்தது இதே கூடத்தில். தங்கியது இவர்கள் வீட்டு முன்னறையில். சேர்ந்த முதல் நாளே எட்டுப் பேர் நடுவில் நின்று, "அண்ணி, கோட்டை எங்க மாட்டணும்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் கூடம் முழுவதும் அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இருபது வயது மூத்த பேராசிரியர்கூட, "அண்ணி, அந்த இன்குபேட்டர் சரியாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மற்றவர்களுக்கு விளையாட்டு. இவளுக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷம் நின்று சம்பாதித்த பெயர் போய், நேற்று வந்தவளுடைய அண்ணன் பெண்டாட்டி என்ற பெயர் மிஞ்சியது. போகட்டும், நாம் அவளைச் செல்லக்கா என்றே சொல்வோம்.

வீட்டிலும் இதே கதைதான். கணவன் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "பாப்பா வந்துட்டாளா? சாப்பிட்டாளா?" என்பான். அந்தப் பாப்பாவுக்கு முப்பத்தொரு வயது. பாப்பாவின் பட்டம் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கியது. அதற்கு இடம் விடுவதற்காக இறக்கி வைக்கப்பட்ட கல்யாணப் போட்டோ இன்னும் அலமாரி மேலேயே கிடந்தது. செல்லக்கா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், "பொறாமையா?" என்று கேட்பான். கேட்டால் இல்லை என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையெல்லாம்கூட அவள் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது வெங்காயத் தோல்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பழைய ஆய்வு இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், 'போதும், இனி பெருகாதே' என்று கட்டளை போடும் மரபணு ஒன்றாவது இருக்கும். பல புற்றுநோய்களில் அந்த மரபணு கெட்டுப்போயிருக்காது. அதன் வாசலில் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதி ஒட்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நல்ல அறை, ஆனால் சீல் வைத்துப் பூட்டியாகிவிட்டது. செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு நொதி ஓடிவந்து புதுப் பிரதியிலும் பழையபடியே சீல் குத்திவிட்டுப் போகும். அந்த நொதியின் கையை மட்டும் கட்டிப்போட்டால், பிரியப் பிரிய சீல்கள் குறைந்து ஒருநாள் அறை திறந்துகொள்ளும். வெங்காயத் தோலுக்கும் தேயிலைக்கும் ஆப்பிள் தோலுக்கும் நிறமும் துவர்ப்பும் கொடுக்கிற ஃபிளேவனாய்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் சிலவற்றுக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் குணம் இருக்கலாம் என்று அந்த இதழில் எழுதியிருந்தது. நம்மிடம் இருக்கிற செல்களில் பார்த்தால் என்ன என்று அவள் டீ குடிக்கும் அறையில் பேராசிரியரிடம் கேட்டாள். "வெங்காயத் தோலா? உரிச்சாலே கண்ணு எரியுதும்மா" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

இப்போது நாத்தனார் அதே யோசனையை நாற்பது ஸ்லைடு போட்டு விளக்கினாள். பேராசிரியர் மேஜையைத் தட்டி, "அருமை!" என்றார். செல்லக்காவுக்குக் காதில் புகை வராத குறை. நாத்தனார் திருடியிருந்தாலாவது மனதாரத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவள் திருடவில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. தானாகவே யோசித்திருந்தாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்திலிருந்து வெளிவந்த பதினோரு ஆய்வுக் கட்டுரைகளில் செல்லக்கா வளர்த்த செல்கள் இருந்தன. பெயர்ப் பட்டியல் ஒன்றில்கூட அவள் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி சொல்வார்களே, அங்கேதான் இருந்தாள். அதிலும் மூன்றில் எழுத்துப் பிழையோடு. ஒரே ஒரு கட்டுரையிலாவது தலைப்புக்குக் கீழே தன் பெயர் வரவேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஆசை. கணவனிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நாத்தனார் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, ஒரு சிக்கல். சாயம் போடாத தட்டுக்கெல்லாம் செல் போட்டுட்டேன். சாயம் போட வேண்டிய தட்டுக்குப் பத்தலை. உங்க கிட்ட அதே செல் இருக்கா?"

சாயம் என்று அவள் சொன்னது வெங்காயத் தோல் ஃபிளேவனாய்டை. அதைக் கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை.

"எத்தனாவது பாசேஜ் வேணும்?"

"நான் போட்டது பதினாலு. அதுவே இருந்தா நல்லது."

ஃப்ளாஸ்க் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதில் செல்கள் நிறைந்ததும் பிரித்துப் புதுக் குப்பிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மேலே ஒட்டியிருக்கும் டேப்பில் எண் ஒன்று ஏறும். அந்த எண்தான் பாசேஜ். ஏறிக்கொண்டே போனால் செல்கள் வயதாகிக் குணம் மாறிவிடும், இருபதைத் தாண்டினால் சோதனைக்குத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். சட்டத்தைப் போட்டவள் செல்லக்காதான்.

செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரின் மேல்தட்டில் பதினான்கு இருந்தது. கீழ்த்தட்டின் மூலையில் நாற்பத்து மூன்று இருந்தது. கிருமிச் சோதனைக்காக வைத்திருந்து, தூக்கிப்போட வேண்டியது. செல்லக்காவின் கை மேல்தட்டுக்குத்தான் முதலில் போனது. அதே சமயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவன் எட்டிப் பார்த்து, "டாக்டர், உங்க அண்ணி இருக்கிறதால உங்களுக்குக் கவலையே இல்லை" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான். செல்லக்காவின் கை கீழே இறங்கியது.

நாற்பத்து மூன்றின் டேப்பைக் கிழித்துவிட்டுப் புது டேப்பில் பதினான்கு என்று எழுதி ஒட்டினாள். கை நடுங்கவில்லை என்பதுதான் பின்னால் அவளை அதிகம் உறுத்தியது. வயதான செல்கள் மந்தமானவை, எதற்கும் அசையாதவை. சாயம் ஒன்றும் செய்யாது, ஒரு மாத வேலை வீணாகும், மூக்குடைபட்டு வந்து, 'அண்ணி, என்ன தப்பு பண்ணினேன்?' என்று கேட்பாள். அதற்கு மேல் அவள் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை. அதுவே போதாதா?

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி. நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேனோ" என்று ஃப்ளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள் நாத்தனார்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. செல்லக்கா எதிர்பார்த்த முடிவு அல்ல. சாயம் கொடுக்காத செல்களில் அந்த மரபணுவின் வாசலில் நூற்றுக்கு எண்பத்திரண்டு இடங்களில் சீல் இருந்தது. கொடுத்த செல்களில் முப்பத்தொன்று. கூடம் அதிர்ந்தது. பேராசிரியர் நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். கணவன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "பார்த்தியா எங்க பாப்பாவை!" என்றான். அன்று செல்லக்கா வாயில் போட்ட கேக் துண்டு கசந்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான், இது சாயத்தின் வேலையா, வயதான செல்லின் வேலையா என்ற சந்தேகம் தலைதூக்கியது. நாற்பத்து மூன்றில் மிச்சம் வைத்திருந்த கொஞ்சம் செல்கள் உறைபெட்டியில் இருந்தன. அவற்றை எடுத்து வளர்த்து, சாயத்தை மூக்கருகில்கூடக் காட்டாமல், அதே பரிசோதனைக்கு வேறு ஒரு எண் போட்டு அனுப்பினாள். தாள் வந்தது. முப்பத்து மூன்று.

கிழட்டுச் செல்களில் சீல் தானாகவே உதிர்ந்திருந்தது. வெங்காயத் தோல் ஒன்றும் செய்யவில்லை. கூடமே தலையில் தூக்கி வைத்து ஆடிய அந்த வெற்றி, இவள் ஒட்டிய ஒரு டேப்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. முதலில் வந்தது, உண்மையைச் சொன்னால், சந்தோஷம். இதை இப்போதே போய்ச் சொன்னால் நாத்தனாரின் முகம் எப்படி வாடும் என்று அவள் கற்பனை செய்து பார்த்தாள். பிறகுதான், சொன்னால் தன் முகமும் சேர்ந்து தெரியும் என்பது உறைத்தது. தாளை மடித்துக் கோட் பைக்குள் திணித்தாள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் கட்டுரையின் வரைவைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். தலைப்பு. அதன் கீழே முதலில் நாத்தனாரின் பெயர். அடுத்து, ஒரு காற்புள்ளிக்குப் பிறகு, செல்லக்காவின் முழுப்பெயர், இனிஷியலோடு, ஒரு பிழையும் இல்லாமல். பேராசிரியரின் பெயர் அதற்கும் பின்னால்தான்.

"இது... எதுக்கு?" என்றாள்.

"உங்க செல் இல்லாம இது ஏது அண்ணி? சார் கிட்ட பேசிட்டேன். ஒத்துக்கிட்டார்."

செல்லக்கா அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. கோட் பைக்குள் முப்பத்து மூன்று இருந்தது. கண்ணெதிரே பெயர் இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். சோதனை மூன்று முறை செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. மூன்றும் ஒரே வாரத்தில், அதே இரண்டு ஃப்ளாஸ்க்குகளிலிருந்து. இவ்வளவு படித்தவள் இப்படி அவசரப்படலாமா என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, பேனாவை வாங்கிச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள்.

கட்டுரை நாலு மாதத்தில் வெளிவந்தது. செல்லக்கா அந்த முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் பட்டும் படாமலும் வைத்தாள். கணவன் எடுத்துப் பார்த்து, "அட, பாப்பா உன் பேரையும் போட்டிருக்காளே! நல்ல மனசு அவளுக்கு" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும், அத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்தும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன் பெயர்கூட அவளுடைய நல்ல மனசாக மாறிவிட்டதே என்று அன்று முழுவதும் கறுவிக்கொண்டிருந்தாள்.

செய்தித்தாள்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆய்வு மனிதர்களிடம் செய்ததல்ல, தட்டில் வளர்ந்த செல்களில் செய்தது என்பது கடைசி வரியில் இருந்தது. தலைப்பு வேறு மாதிரி இருந்தது: 'புற்றுநோயின் பூட்டைத் திறக்கும் வெங்காயத் தோல்.'

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, வரவேற்பிலிருந்து ஒருவரைச் செல் அறைக்கு அனுப்பினார்கள். பஸ் ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார். கையில் நாலாக மடித்த செய்தித்தாள்.

"மேடம், ஒரு விஷயம் கேட்கணும். சிவப்பு வெங்காயமா, வெள்ளை வெங்காயமா? இதுல போடலை."

"யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டு இருந்தா. போட்டா நாலு நாள் எழுந்திரிக்க மாட்டா, வாந்தி. இதைப் படிச்சதுல இருந்து தோலைக் கொதிக்க வெச்சுக் குடுக்கிறேன். குடிச்சுக்கிறா பாவம். இந்தத் தடவை ஊசிக்குப் போகலை. நல்லாத்தான் இருக்கா."

அவர் இன்னும் நிறத்துக்குப் பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசியை விடாதீங்க" என்றாள். "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. விட்டுப்போச்சுன்னு டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க."

"நீங்க டாக்டரா மேடம்?"

"இல்லை."

"அப்ப இதுல டாக்டர் அம்மா சொல்லியிருக்காங்களே."

அவர் செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினார். நாத்தனாரின் போட்டோ இருந்தது, சிரித்த முகத்தோடு. செல்லக்கா அதைத் தள்ளிவிட்டாள்.

"அந்த ஆராய்ச்சில அவங்க பேருக்கு அடுத்த பேர் என்னோடது. நான் சொல்றேன், அது தப்பு. வெங்காயத் தோலால ஒண்ணும் நடக்கலை. அந்தச் செல்லைக் கொடுத்ததே நான்தான்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஓட்டுநர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் தாளை மறுபடி நாலாக மடித்தார்.

"தப்புன்னா அதையும் பேப்பர்ல போடுங்க மேடம்" என்றார். "நான் ஒருத்தன் மட்டுமா படிச்சிருப்பேன்?"

அவர் மாடிப்படியில் வேகமாக இறங்கிப் போனார். செல்லக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, இத்தனை மாதமாகக் கோட் பையிலேயே இருந்த தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நேராக மைக்ராஸ்கோப் அறைக்குப் போனாள். நாத்தனார் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தி, தாளை அவள் முன் வைத்தாள்.

"இது சாயம் போடாத செல். முப்பத்து மூணு. உனக்கு நான் குடுத்த ஃப்ளாஸ்க் பதினாலு இல்லை. நாற்பத்து மூணு. தெரியாம நடக்கலை. டேப்பை மாத்தி நான்தான் ஒட்டினேன்."

சொல்லி முடித்ததும் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாத்தனார் அழுவாள், கத்துவாள், அண்ணனுக்குப் போன் போடுவாள் என்றெல்லாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாத்தனார் தாளைத் தொடக்கூட இல்லை.

"தெரியும் அண்ணி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது நாளே மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். அகலமா, தட்டையா, சோம்பிப்போய்க் கிடந்தது. பதினாலாவது பாசேஜ் அப்படியா இருக்கும்? எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேட்கலை?"

"கேட்கத்தான் எழுந்தேன். கை தவறி மாத்திக் கொடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். அப்புறம், முதல் தட்டு எப்படி வருதுன்னு பார்த்துட்டுக் கேட்போம்னு விட்டேன். ரிசல்ட் வந்தது. சார் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்புறம் கேட்க மனசு வரலை."

செல்லக்காவுக்கு வேறொன்று உறைத்தது.

"அப்ப என் பேரை..."

"நீங்க என்னைக்காவது அந்த ஃப்ளாஸ்க்கைத் தேடுவீங்கன்னு பயந்தேன். பேர் இருந்தா பேச மாட்டீங்கன்னு தோணுச்சு."

அதாவது, பதினாறு வருஷமாக ஆசைப்பட்ட பெயர் அவளுக்கு மரியாதையாக வரவில்லை. வாயை அடைக்க வந்த துணி அது. வீட்டு மேஜையில் அதைப் பட்டும் படாமலும் வைத்துவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்து, செல்லக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைவிட மோசமான இன்னொன்றும் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன். குற்றத்தில்கூட இவள்தான் நமக்கு முந்திக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். நாம் டேப் ஒட்டி மறைத்ததை இவள் ரெண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாளே என்று, அந்த நிலையிலும், வயிறு எரிந்தது.

"எதுக்குடி உனக்கு இது?" என்றாள். "உனக்குத்தான் எல்லாம் இருக்கே. பட்டம் இருக்கு. வீட்ல தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க."

"எது இருக்கு?" நாத்தனார் முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. ஒருத்தராவது ஒரு சந்தேகம்னு என்கிட்ட வந்திருக்காங்களா? எல்லாரும் உங்க கதவைத்தான் தட்டுறாங்க. சார் என்கிட்ட ஒண்ணைக் கேட்டுட்டு, எதுக்கும் அண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டுடுன்னு சொல்றார். நான் படிச்ச படிப்புக்கு மேல நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அது சரி. எனக்கு மட்டும் எரியாதா?"

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று செல்லக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. வேறு சமயமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உள்ளூரக் குளிர்ந்திருப்பாள். இப்போது அந்த ஓட்டுநரின் மனைவி வெங்காயத் தோல் கஷாயத்தைக் குடிப்பதுதான் கண்முன் நின்றது. நடந்ததைச் சொன்னாள். ஊசியை விட்டதையும், சிவப்பா வெள்ளையா என்று அவர் கேட்டதையும் சொன்னாள்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அண்ணி, நான் எதுவும் சொல்லாம இருந்தா நீங்க மட்டும்தான் மாட்டுவீங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடலாம். டேப் உங்க கையெழுத்து" என்றாள்.

"சொல்லு. உன் இஷ்டம்."

"எழுந்திருங்க" என்று நாத்தனார் முதலில் எழுந்தாள். "சார் அறைலதான் இருக்கார்."

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். யார் என்ன செய்தது என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரே வீட்ல இருந்து வர்றீங்க" என்றார். "வீட்லயே அடிச்சுக்கிட்டுத் தீர்த்திருக்கக் கூடாதா?"

கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சாயம் நிஜமாவே சீலைக் கழட்டுமா, கழட்டாதா? யாருக்காவது தெரியுமா இப்ப? ஒருவேளை கொஞ்சம் கழட்டியிருக்கலாம். நல்ல செல்லுல பண்ணியிருந்தா இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே இந்த ஊர் உலகத்துல ஒருத்தர் அதைத் தொடுவாரா? வெங்காயத் தோல்னாலே சிரிப்பாங்க. நல்ல கேள்வி அது. ரெண்டு பேருமாச் சேர்ந்து அதைக் கொன்னுட்டீங்க."

அது நல்ல கேள்வி என்று அவர் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் டீ அறையில் இவர் சிரிக்காமல் இருந்திருந்தால் என்று அவள் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. தன் யோசனையைப் பிறர் கையில் பார்க்கச் சகிக்காமல் தானே கழுத்தை நெரித்துவிட்டவள் அவரை என்ன கேட்பது?

விசாரணைக் குழு உட்காரும், வேலை இருக்குமா இருக்காதா என்பதை அவர்கள்தான் சொல்லுவார்கள் என்றார். செல் அறையின் சாவியைக் கேட்டார். செல்லக்கா கழற்றிக் கொடுத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கும் செய்தித்தாள்களுக்கும் இன்றைக்கே கடிதம் போக வேண்டும், என்ன தவறு என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுத வேண்டும், இதழும் அதை அப்படியே அச்சிடும் என்றார். அவரே கணினியைத் திருப்பி அடிக்க ஆரம்பித்தார். 'செல்களின் பாசேஜ் எண் வேண்டுமென்றே மாற்றி எழுதப்பட்டது. அது தெரிந்தும் முடிவு வெளியிடப்பட்டது.' அச்சு எடுத்து மேஜையில் நீட்டினார். கீழே பெயர்கள், கட்டுரையில் இருந்த அதே வரிசையில். முதலில் நாத்தனார், அடுத்து செல்லக்கா.

செல்லக்கா கடிதத்தை நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்து, இரண்டாவது பெயரை வட்டமிட்டு, முதல் பெயருக்கு முன்னால் அம்புக்குறி போட்டாள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், நம்ப முடியாமல். "இதுலயுமா?"

"ஆமாம். ஆரம்பிச்சது நான்தானே" என்று சொல்லிவிட்டு, செல்லக்கா பேனாவை அவளிடம் நீட்டினாள். "நீ எனக்குக் கீழ போடு."